பிள்ளையின் மொழியைக் கழிக்க வேண்டாம்: கிரேக்கத்து முஸ்லிம் பாடசாலைகள் எமக்குச் சொல்லும் பாடம்



கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகளை முதலாம் தரத்துக்குச் சேர்க்கவிருக்கும் பெற்றோர்கள் நேரம் எடுத்து முழுமையாக வாசிக்குமாறு அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாம் தர விண்ணப்ப காலம் வந்தால் எம்மிடம் ஒரே கேள்விதான் வரும். ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும்போது கேட்பார்கள். கல்யாண வீட்டில் சஹனில் உட்கார்ந்து சாப்பிடும்போது கேட்பார்கள். இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் கேட்பார்கள். "சேர், புள்ளய எந்த மீடியத்துல போடுவோம்?"

இம்முறை ஒரு தாய் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். "தமிழப் படிச்சி என்ன சேர் ஈக்கி? ஊட்டுலயும் இனி தமிழ் பேச வாணாம்ண்டு மகன்ட வாப்பா சொல்லீக்கிறார்" என்றார். அந்த ஐந்து வயதுப் பிள்ளை உம்மாவின் அபாயாவைப் பிடித்துக்கொண்டு எம்மைப் பார்த்தபடி நின்றது. ஒரு சொல்லும் பேசவில்லை.

அந்தத் தாயை நாம் குறை சொல்லவில்லை. பிள்ளை முன்னுக்கு வர வேண்டும் என்ற கவலைதான் அவரைப் பேச வைத்தது. ஆனால் அந்த நேரம் எமக்கு எமது எட்டாம் தர மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். இரண்டு தடவை மொழிமூலம் மாற்றப்பட்டவன். மூன்று மொழியும் பேசுவான், கடையில் யார் வந்தாலும் சமாளிப்பான். ஐந்து வரி எழுதச் சொன்னால் மட்டும் எந்த மொழியிலும் எழுத மாட்டான். சோம்பல் இல்லை, வராது. அவனுக்கு எழுத்து எந்த மொழியிலும் முழுதாக வந்து சேரவில்லை.

இந்தக் கேள்விக்கு எமது ஊர் அனுபவத்தை மட்டும் வைத்துப் பதில் சொன்னால் ஆளுக்கொரு கதை வரும். ஆகவே எம்மைப் போல் சிறுபான்மையாக வாழும் இன்னொரு முஸ்லிம் சமூகத்தின் அனுபவத்தைச் சொல்ல நினைத்தோம். அவர்கள் நூறு வருடமாக இரண்டு மொழியில் பிள்ளைகளைப் படிப்பித்து வருகிறார்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தையும் கண்ட வழியையும் ஆய்வாளர்கள் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சமூகம் இருப்பது கிரேக்க நாட்டில், மேற்குத் திரேஸ் என்ற பகுதியில்.

உஸ்மானிய ஆட்சி முடிவுக்கு வந்த நேரம், 1923ஆம் ஆண்டு, கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டன. கிரேக்கத்தில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும், துருக்கியில் இருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். முக்கியமாக இரண்டு கூட்டத்துக்கு விலக்கு இருந்தது. ஒன்று இஸ்தான்பூல் கிரேக்கர்கள், மற்றது மேற்குத் திரேஸ் முஸ்லிம்கள். அதே ஆண்டு கைச்சாத்தான லொசான் உடன்படிக்கை, இந்தச் சிறுபான்மையினர் தமது மொழியில் ஆரம்பக் கல்வி பெறும் உரிமையை எழுத்தில் கொடுத்தது.

இன்று அங்கே ஏறத்தாழ ஒரு இலட்சம் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். க்ஸாந்தி, கொமோதினி ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சுற்றிய கிராமங்களிலும் வாழ்கிறார்கள். புகையிலைச் செய்கை பலருடைய தொழில். பெரும்பாலானோர் வீட்டில் துருக்கி மொழி பேசுவார்கள். மலைக் கிராமங்களில் இருக்கும் பொமாக் மக்கள் ஸ்லாவிய இனத்து மொழி ஒன்றைப் பேசுவார்கள். ரோமா மக்களும் இருக்கிறார்கள்.

ஒரு பொமாக் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் பொமாக், பாடசாலையில் பாதி நாள் துருக்கி மொழி, பாதி நாள் கிரேக்கம், குர்ஆன் ஓத அரபு, பிறகு ஆங்கிலம். எமது பிள்ளைகளின் தலையில் இருக்கும் பாரம் அந்தப் பிள்ளையின் தலையிலும் இருக்கிறது, இன்னும் ஒரு மொழி கூடுதலாக.

அந்தச் சிறுபான்மைப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம், சமயம் போன்றவை துருக்கி மொழியில் நடக்கும். கிரேக்க மொழிப் பாடம், வரலாறு, புவியியல் போன்றவை கிரேக்கத்தில் நடக்கும். காகிதத்தில் பார்த்தால் அழகான ஏற்பாடு. ஆனால் பல தசாப்தங்களாக அங்கிருந்து வெளிவந்த பிள்ளைகளில் மிகப் பலர் இரண்டு மொழியிலும் பலவீனமாகவே இருந்தார்கள். இடைநிலைக் கல்விக்குப் போனால், சிறுபான்மைக்கென்று இருந்த இடைநிலைப் பாடசாலைகள் மிகச் சிலவே. மற்றவர்கள் முழுக் கிரேக்க மொழிப் பாடசாலைக்குப் போக வேண்டும். அங்கே போனதும் சுவரில் முட்டியது போல் நின்று, பலர் படிப்பை விட்டார்கள். பெண் பிள்ளைகள் அதிலும் அதிகம்.

ஏன் அப்படி நடந்தது? பிள்ளைகள் மூளை குறைந்தவர்களா? பெற்றோருக்கு அக்கறை இல்லையா? கிரேக்கர்கள் பலர் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையான காரணம் வேறு.

பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட கிரேக்க மொழிப் புத்தகம், வீட்டில் கிரேக்கம் பேசும் பிள்ளைக்காக எழுதப்பட்டது. ஒரு சொல்லும் தெரியாமல் வரும் பிள்ளைக்கு, முதல் நாளே அந்த மொழி தெரிந்தவர்போல் பாடம் நடந்தது. கிரேக்க ஆசிரியருக்குத் துருக்கி மொழி தெரியாது. துருக்கி மொழி ஆசிரியர் கிரேக்க ஆசிரியரோடு சேர்ந்து திட்டமிடுவதும் இல்லை. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பாடசாலை நடந்தது. துருக்கி மொழிப் புத்தகங்கள் இரு அரசாங்கங்களின் இழுபறியில் மாட்டி, பிள்ளைகள் பழைய புத்தகங்களோடு காலம் கழித்தார்கள். 1990களின் நடுப்பகுதி வரை மலைக் கிராமங்களுக்குப் போய்வரவே இராணுவக் கட்டுப்பாடு இருந்தது. பிள்ளை மனனம் செய்தது, பரீட்சை எழுதியது, மறந்தது.

நாம் இதை வாசித்துவிட்டு எமது இரண்டாம் மொழிச் சிங்கள வகுப்பை நினைத்தோம். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதுகிறார்கள், சொல்வதெழுதுதலில் புள்ளியும் எடுக்கிறார்கள். வெளியே போய் ஒரு பஸ் நடத்துனரோடு இரண்டு வசனம் பேசச் சொன்னால் தலையைக் குனிகிறார்கள். இதில் எமக்கும் பங்கு இருக்கிறது.

மேற்குத் திரேஸில் மாற்றம் 1997இல் தொடங்கியது. கிரேக்கக் கல்வி அமைச்சின் கீழ், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, முஸ்லிம் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கான கல்வித் திட்டம் ஒன்று ஆரம்பமானது. அதற்குத் தலைமை தாங்கியவர்கள் ஏதென்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியைகளான அன்னா பிரங்குதாகி, தாலியா டிராகோனா இருவரும். இருவருமே முஸ்லிம்கள் அல்லர், கிரேக்கப் பெரும்பான்மைச் சமூகத்தவர்கள்.

இங்கே ஒரு முக்கியமான விடயம் இருக்கிறது. பிரங்குதாகி அதற்கு முன்பே கிரேக்கர்களின் சொந்த மொழிச் சண்டையைப் பற்றி ஆய்வு செய்து எழுதியவர். அந்தச் சண்டை தெரிந்தால்தான் அவர் பிள்ளைகளின் மொழியை ஏன் அவ்வளவு மதித்தார் என்பது விளங்கும்.

கிரேக்கத்தில் ஒரு காலம் இரண்டு கிரேக்கம் இருந்தது. ஒன்று மக்கள் பேசும் திமோதிகி. மற்றது கதரெவுசா, அதாவது பழைய கிரேக்கத்தைப் பார்த்துத் தூய்மைப்படுத்திய எழுத்து மொழி. சட்டம், அலுவலகம், பாடசாலை எல்லாம் கதரெவுசாவில்தான். அரபியில் ஃபுஸ்ஹாவும் பேச்சு அரபியும் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபர்குசன் 1959இல் இந்த இரட்டை வழக்கு நிலையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அரபியையும் கிரேக்கத்தையும் முக்கிய உதாரணங்களாக எடுத்தார். தமிழையும் அதில் குறிப்பிட்டார்.

ஆனால் கிரேக்கர்கள் இதற்காகத் தெருவில் இறங்கினார்கள். 1901இல் பைபிளின் சுவிசேஷத்தைப் பேச்சுமொழியில் பெயர்த்து ஒரு பத்திரிகை வெளியிட்டது. பல்கலைக்கழக மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஏதென்ஸ் தெருக்களில் எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். அரசாங்கமே பதவி விலகியது. அதற்குப் பிறகும் எழுபது வருடத்துக்கு மேல் பாடசாலை மொழி முன்னும் பின்னும் இழுபட்டது. ஒரு அரசு பேச்சுமொழியைக் கொண்டுவரும், அடுத்த அரசு அதை அகற்றும். 1967இல் ஆட்சியைப் பிடித்த இராணுவமும் கதரெவுசாவைத்தான் தூக்கிப் பிடித்தது. இராணுவ ஆட்சி விழுந்த பிறகு, 1976இல்தான் மக்கள் பேசும் மொழி கல்வியின் மொழியாகச் சட்டத்தில் உறுதியானது.

இத்தனைக்கும் 1963இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் செஃபெரிஸ் எழுதியது அந்தப் பேச்சுமொழியின் வழியில்தான். உலகம் பரிசு கொடுத்த மொழிவழக்கை உள்ளூர்ப் பாடசாலை தாழ்வாகப் பார்த்தது. வீட்டில் பேசும் மொழி பிழை என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தால், பிள்ளை நல்ல மொழி பேசக் கற்றுக்கொள்ளாது. வாயை மூடக் கற்றுக்கொள்ளும்.

நாமும் இதைச் செய்திருக்கிறோம். வகுப்பில் "ஈக்கி" என்று சொன்ன பிள்ளையை எழுப்பி, மற்றப் பிள்ளைகள் சிரிக்க, "இருக்கிறது" என்று பத்துத் தடவை சொல்ல வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை அந்த வருடம் முழுக்கக் கை உயர்த்தவில்லை. எழுத்து வழக்கைக் கற்பிப்பது எமது கடமை. உம்மாவின் வாய்மொழியைக் கேலி செய்வது எமது கடமை அல்ல. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

சரி, அந்தப் பேராசிரியைகள் திரேஸில் என்ன செய்தார்கள்?

முதலில் புத்தகத்தை மாற்றினார்கள். கிரேக்கத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைக்கென்றே புதிய பாடநூல்களை எழுதினார்கள். ஒன்றும் தெரியாத பிள்ளை கேட்டு, பேசி, பிறகு வாசித்து, பிறகு எழுதும் ஒழுங்கில் அவை அமைந்தன. இரண்டாவதாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாவதாக க்ஸாந்தியிலும் கொமோதினியிலும் சமூக நிலையங்களைத் திறந்தார்கள். பாடசாலை முடிந்து அங்கே பிள்ளைகள் வந்து படிக்கலாம், புத்தகம் எடுக்கலாம், கணினி பாவிக்கலாம். முஸ்லிம் இளைஞர்களும் கிறிஸ்தவ இளைஞர்களும் ஒன்றாக அங்கே வேலை செய்தார்கள். கிரேக்க ஆசிரியர்கள் துருக்கி மொழி படிக்கவும் அங்கே வகுப்பு நடந்தது. தூரத்து மலைக் கிராமங்களுக்கு வாகனத்தில் புத்தகங்களும் ஆசிரியர்களும் போனார்கள்.

அந்தத் திட்டத்தின் தாரக மந்திரம் கணித வாத்தியார் சொன்னது போல் இருக்கும். கூட்டல் வேண்டும், கழித்தல் வேண்டாம். பெருக்கல் வேண்டும், வகுத்தல் வேண்டாம். அதாவது பிள்ளைக்குக் கிரேக்கத்தைக் கூட்டுங்கள், அதற்காகத் துருக்கி மொழியைக் கழிக்காதீர்கள்.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. முஸ்லிம்களுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கிரேக்கத் தேசியவாதிகள் எதிர்த்தார்கள். எம்மைக் கிரேக்கர்களாக மாற்றப் பார்க்கிறார்களோ என்று முஸ்லிம்களிலும் சிலர் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. திட்டம் கிரேக்க மொழிப் பகுதியைத்தான் சீர்செய்தது. துருக்கி மொழிப் பகுதி அதன் கைக்கு வெளியே இருந்தது. பொமாக் பிள்ளையின் வீட்டு மொழிக்குப் பாடசாலையில் இடம் கிடைக்கவில்லை. இருமொழி முன்பள்ளி வேண்டும் என்று சிறுபான்மையினர் நீண்ட காலம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்தக் குறைகளை மறைத்தால் நாம் நேர்மையாக எழுதியவர்கள் ஆக மாட்டோம்.

இருந்தாலும் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. இடைநிலைக் கல்வியைத் தொடரும் பிள்ளைகள் கூடினார்கள், இடைவிலகல் குறைந்தது. 1995இல் கொண்டுவரப்பட்ட சட்டம் ஒன்று பல்கலைக்கழக அனுமதியில் 0.5 வீதத்தைச் சிறுபான்மை மாணவருக்கு ஒதுக்கியது. கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, உள்ளே போய்ப் படிக்க மொழி வேண்டும். ஒதுக்கீடும் மொழிக் கல்வியும் சேர்ந்தபோதுதான் அந்தச் சமூகத்திலிருந்து பட்டதாரிகள் அதிகமாக வரத் தொடங்கினார்கள்.

இதற்குப் பின்னால் இருக்கும் ஆய்வையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கமின்ஸ் என்ற அறிஞர் இரண்டு விடயங்களைச் சொன்னார். ஒன்று, புதிய மொழியில் விளையாடவும் பேசவும் பிள்ளைக்கு ஒன்றிரண்டு வருடம் போதும். ஆனால் அந்த மொழியில் விஞ்ஞானம், வரலாறு படித்து விளங்கி எழுத ஐந்து தொடக்கம் ஏழு வருடம் எடுக்கும். பிள்ளை சரளமாகச் சிங்களம் பேசுகிறது, ஆங்கிலம் பேசுகிறது என்று நாம் சந்தோசப்படும் இடத்தில்தான் ஏமாறுகிறோம். பேச்சு வந்துவிட்டது, படிப்பு மொழி வரவில்லை.

இரண்டாவது, ஒரு மொழியில் வாசித்து விளங்கும் திறன் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும். வாசிப்பது எப்படி, காரணம் சொல்வது எப்படி, ஒரு கதையின் சாரத்தைப் பிடிப்பது எப்படி என்பதைப் பிள்ளை ஒரு தடவைதான் கற்க வேண்டும். பிறகு மொழியை மட்டும் மாற்றினால் போதும். தெரிந்த மொழியிலேயே அது கற்காவிட்டால், தெரியாத மொழியில் எங்கே கற்கும்?

கிரேக்கத்திலும் இதை ஆராய்ந்தார்கள். அல்பேனியாவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை இயந்தி சிம்ப்ளி என்ற பேராசிரியையும் அவருடைய குழுவினரும் பல வருடம் ஆய்வு செய்தார்கள். வீட்டு மொழியைப் பேசுவதோடு நிற்காமல், அதில் வாசிக்கவும் எழுதவும் கற்ற பிள்ளைகளுக்கு நன்மை கிடைப்பதை அவர்களின் ஆய்வுகள் காட்டின. வீட்டு மொழி கிரேக்கத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை.

எமது சமூகத்துக்கு இது புதிய செய்தியாக இருக்கவும் கூடாது. பக்தாதின் மொழிபெயர்ப்பு இயக்கத்தைப் பற்றி நாம் மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். கிரேக்க மருத்துவத்தை அரபிக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், 9ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் ஹீராவைச் சேர்ந்த ஓர் அரபுக் கிறிஸ்தவர். சிரிய மொழியும் அரபும் கிரேக்கமும் தெரிந்தவர். கலென் என்ற கிரேக்க மருத்துவரின் 129 நூல்களைப் பற்றி, எது எப்போது யாரால் மொழிபெயர்க்கப்பட்டது என்று ஒரு நிருபமே எழுதியிருக்கிறார். கலெனின் சில நூல்கள் இன்று கிரேக்கத்தில் இல்லை, அரபியில் மட்டும்தான் இருக்கின்றன. அந்தச் செல்வம் ஒரு மொழியை விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவியவர்களால் வந்தது அல்ல. ஒவ்வொரு மொழியிலும் வாசித்து எழுதி ஊன்றி நின்றவர்களால் வந்தது.

இனி எமது ஊருக்கு வருவோம். சிங்களம் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த நாட்டில் எமது பிள்ளைக்குச் சிங்களம் கட்டாயம் வேண்டும். அயலவரோடு பேச வேண்டும், பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் கையொப்பமிட வேண்டும். ஆங்கிலமும் வேண்டும். சிங்கள மொழிமூலத்தில் போட்ட பெற்றோர்களையும் நாம் பிழை சொல்லவில்லை. பல ஊர்களில் பக்கத்தில் தமிழ்மொழிப் பாடசாலையே இல்லை.

நாம் சொல்வது ஒன்றுதான். எந்த மீடியத்தில் போட்டாலும் பிள்ளையின் வீட்டு மொழியைக் கழிக்காதீர்கள். அதில் வாசிப்பும் எழுத்தும் இருக்கட்டும்.

பெற்றோர்களுக்கு: தினமும் மஃரிபுக்குப் பிறகு இருபது நிமிடம் பிள்ளையோடு தமிழில் ஒரு கதை வாசியுங்கள். பிள்ளை சிங்கள மீடியம் என்றால் இது இன்னும் அவசியம். தெரியாத ஆங்கிலத்தில் பிள்ளையோடு அரைகுறையாகப் பேசுவதை விட, தெரிந்த தமிழில் நிறையப் பேசுங்கள். மொழிமூலத்தை இடையில் மாற்றுவதானால் ஆசிரியரோடு கலந்து பேசிவிட்டு, ஆயத்தத்தோடு மாற்றுங்கள்.

எமது சக ஆசிரியர்களுக்கு: சிங்களத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிப்போம். முதலில் பேச வைப்போம், பிறகு எழுத வைப்போம். சிங்களப் பாட ஆசிரியரும் தமிழ்ப் பாட ஆசிரியரும் மாதத்தில் ஒரு நாளாவது ஒன்றாக உட்கார்ந்து பேசுவோம். பிள்ளையின் ஊர்ப் பேச்சைக் கேலி செய்வதை இன்றோடு நிறுத்துவோம்.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு: மத்ரஸா நடக்கும் மண்டபம் பின்னேரம் பூட்டித்தான் கிடக்கிறது. இரண்டு புத்தக அலுமாரி, ஒரு மேசை, மூன்று மொழியிலும் சிறுவர் கதைப் புத்தகங்கள் போதும். திரேஸில் செய்த சமூக நிலையத்தை எமது அளவுக்கு நாமும் செய்யலாம். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் வந்து சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார்கள். நாமும் கிழமையில் இரண்டு நாள் வரத் தயார்.

அந்தத் தாய்க்கு நாம் என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். எந்த மீடியம் என்பதை வாப்பாவும் உம்மாவும் சேர்ந்து முடிவெடுங்கள், ஆனால் வீட்டில் தமிழ் பேச வேண்டாம் என்பதை மட்டும் இன்றைக்கே வாபஸ் வாங்குங்கள் என்றோம். பிறகு பிள்ளையிடம் குனிந்து, "மகன், உங்கட ஊட்டுல பூனை ஈக்கா?" என்று கேட்டோம். உம்மாவின் முகத்தைப் பார்த்தது. அவர் தலையாட்டினார். "ஈக்கி சேர், ரெண்டு ஈக்கி" என்று தொடங்கியவர், ஒரு பூனை கூரையில் ஏறி இறங்கத் தெரியாமல் கத்திய கதையை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் கதையை அவர் ஒரு நாள் சிங்களத்திலும் எழுதுவார், ஆங்கிலத்திலும் எழுதுவார், இன்ஷா அல்லாஹ். முதலில் அதைத் தமிழில் சொல்ல விடுவோம்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளை மொழிமூலம் மாற்றிய அனுபவம் உள்ளவர்கள், நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ளபடி பகிர்ந்துகொள்ளுங்கள். அடுத்த வருடம் பிள்ளை சேர்க்கும் ஒரு குடும்பத்துக்கு அது உதவும். எமது பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.